அவள் சொல்லாத ‘வேண்டாம்’

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு நம்ம டைம் கீப்பரைப் பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்திருந்தன. ‘மனைவிக்காக இப்படி ஓடி ஓடிப் பார்க்கிற மனுஷன் இந்தக் காலத்தில் உண்டா!’ என்று ஒரு வாசகி உருகியே போயிருந்தார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் முடிந்ததும் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி சொல்லிவிடுகிறேன். அவர் பஸ் டிப்போவில் இருபத்தேழு வருடமாக டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுகிற வேலை. இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரைக் கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். ‘இவர் பிறந்ததே டாக்டர் குறிச்ச நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான்’ என்று டிப்போவில் கிண்டல் உண்டு.

மனைவி படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறாள். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாள், அதனால் வீட்டிலும் அவளுக்கு ‘டீச்சர்’ என்றே பெயர். நாலரை மாதத்துக்கு முன்னால் மனைவிக்கு வலது மார்பில் கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய்தான். முதலில் கீமோ மருந்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை என்று முடிவானது. ஆறு தவணை மருந்தும் ஏறி முடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை முதன்முறையாகப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டே முக்காலுக்கே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில் இருவரும் ஆஜர்.

“டோக்கன் மிஷினே இன்னும் தூங்குது. நாமதான் வந்து எழுப்பியிருக்கோம்” என்றாள் மனைவி.

தலையில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஓரத்தில் புது முடி பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தது. அதைத் தடவித் தடவிப் பார்ப்பது இந்த வாரம் அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

“ஏங்க, ஆபரேஷன்ல கைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“உனக்கு ஆபரேஷன் மார்புலதான். கைக்கு என்ன வந்துது?”

“இல்ல, பக்கத்து பெட்டுல மருந்து ஏத்திக்கிட்ட அம்மா சொன்னாங்க. அவங்க அக்காவுக்கு அக்குள்லயும் எடுத்தாங்களாம். அப்புறம் கை தலகாணி மாதிரி வீங்கிடுச்சாம்.”

“கண்டவங்க சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காதே” என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த மணி மனதில் பதியவில்லை.

அறுவை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, மனைவியைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பரிசோதித்தார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

“மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த கட்டி இப்போ பட்டாணி அளவுக்கு வந்திருக்கு.”

டைம் கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தவணை கூட ஒரு நாள் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டவர் ஆயிற்றே! மழை கொட்டிய அன்றைக்கும், டிப்போவில் வேலை நிறுத்தம் நடந்த அன்றைக்கும் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

டாக்டர் பைலைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார்.

“முதல் ஸ்கேன்ல வலது அக்குள்ல ஒரு நிணநீர் முடிச்சு சந்தேகமா இருக்குன்னு எழுதியிருக்கு. அதுக்கு ஊசி வெச்சு சதை எடுத்து பயாப்ஸி பண்ணின ரிப்போர்ட் எங்கே?”

“அது தேவையில்லேன்னு சொல்லிட்டாங்களே டாக்டர்” என்றாள் மனைவி.

“யாரு சொன்னாங்க?”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இன்னும் இரண்டு தாள்களைத் தள்ளினார். ஒரு தாளில் நிறுத்தினார். “இதோ இருக்கு. கீமோவுக்கு முன்னாடி முடிச்சைப் பரிசோதனை பண்ண உங்களுக்கு விருப்பமில்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

தாளை மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார்.

இதைத்தான் நான் பதினாறு வாரமாக உங்களிடமும் மறைத்து வைத்திருந்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, நான் மட்டும் எப்படிச் சொல்ல? இப்போது சொல்லிவிடுகிறேன்.

நோய் தெரிந்த அன்றைக்கு, கீமோ மருந்து கொடுக்கிற டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அக்குளில் இருக்கிற முடிச்சை முதலில் ஊசி வைத்துப் பார்க்க வேண்டும், பார்க்கிறபோதே, பின்னால் அடையாளம் தெரிய அரிசியை விடச் சின்னதாக ஓர் உலோகக் குறியையும் அதில் வைத்துவிடுவார்கள், அதன் பிறகு மருந்தை ஆரம்பிக்கலாம், கொஞ்ச நாள் பொறுப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். மனைவியும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

ஊசி வைக்கிற பிரிவில் பதினோரு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. ரிப்போர்ட் வர இன்னும் ஐந்து நாள். டைம் கீப்பர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். பதினாறு நாள்! அன்று இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று அடித்துக்கொண்டது.

மறுநாள் தேதியை உறுதிசெய்ய நர்ஸ் போன் செய்தபோது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். “அவங்களுக்கு அந்த ஊசி வேணாமாம். மருந்தை முதல்ல ஆரம்பிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டார். குளித்துவிட்டு வந்தவளிடம், “அந்த ஊசி தேவையில்லையாம், வியாழக்கிழமையே மருந்து” என்றார். அவளும், அப்பாடா ஒரு குத்து மிச்சம் என்று தலையைத் துவட்டினாள்.

வியாழக்கிழமை ஒரு கத்தைத் தாள் கொடுத்தார்கள். டிப்போவில் டிரைவர்களிடம் டிரிப் ஷீட்டை நீட்டி, “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியா இங்க” என்று விரலை வைத்து வாங்குவாரே, அதே மாதிரி வாங்கினார். எந்த டிரைவரும் அதைப் படித்ததில்லை. அவளும் படிக்கவில்லை. கேடு கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. பயம்தான். பயந்த மனுஷன் செய்கிற காரியம் எப்படியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மனைவி தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவருக்கு உள்ளே ஒரு குரல் நச்சரித்தது. வாய் திறக்கவில்லை.

“என் கையெழுத்துதான் டாக்டர்” என்றாள் அவள். “இப்போ என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

“மார்புல இருக்கிற நோய் வெளிய கிளம்பினா முதல்ல வந்து நிக்கிற இடம் இந்த முடிச்சுங்கதான். இப்போ ஸ்கேன்ல உங்க அக்குள் சுத்தமாத்தான் தெரியுது. ஆனா அன்னிக்கு அந்த முடிச்சுல நோய் இருந்து, அதை மருந்து துடைச்சிடுச்சா? இல்ல, ஆரம்பத்துலேயே ஒண்ணுமில்லையா? ரெண்டும் இன்னிக்கு ஒரே மாதிரிதாம்மா தெரியும். எந்த முடிச்சுன்னு குறியும் இல்ல.”

“அதனால?”

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மார்புல சாயம் செலுத்தி, அது முதல்ல போய்ச் சேர்ற மூணு நாலு முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. சுத்தமா இருந்தா மத்ததை விட்டுடலாம். கைக்கு ஆபத்து குறைவு. ஆனா அன்னிக்குச் சந்தேகப்பட்ட முடிச்சு அதுல வந்துச்சா, உள்ளேயே நின்னுடுச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. முன்னெச்சரிக்கையா அக்குளுக்கும் கதிர்வீச்சு குடுக்க வேண்டி வரலாம்.”

“இன்னொண்ணு?”

“அக்குள்ல இருக்கிற முடிச்சை மொத்தமா எடுத்துடறது. சந்தேகம் குறையும். ஆனா அஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது கை வீங்குது. வீங்கினா முழுசா சரியாகாது, காலம் பூரா பார்த்துக்கணும். நீங்க என்ன வேலை பண்றீங்க?”

“பிரேம் கடை. கண்ணாடி வெட்டுவேன்.”

“அப்படின்னா அந்தக் கையில கீறல் படாம பார்த்துக்கணும்.”

மனைவி சிரித்துவிட்டாள். “கண்ணாடி வெட்டுறவ கையில கீறல் படாமலா டாக்டர்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அன்னிக்கே அந்த ஊசியைப் போட்டிருந்தா இன்னிக்கு நான் உங்களை இப்படி நடுவுல நிறுத்தியிருக்க மாட்டேன். சரி, போனது போச்சு. உங்களுக்கு எது மனசுக்குச் சரின்னு படுதோ இந்தப் படிவத்துல குறிங்க. என் யோசனை வேணும்னா எப்போ வேணும்னாலும் கூப்பிடுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள என் கைக்கு வந்தா போதும்.”

பைலையும் படிவத்தையும் மனைவியே வாங்கிக்கொண்டாள். வழக்கமாகப் பையைத் தூக்குகிறவர் அவர்தான். கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றார். கடைக்குப் போகணும் என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அவரைக் கண்டதும் ஓடிவந்து, “சார், இன்னிக்கு ஒரு நிமிஷம் கூட லேட் இல்ல சார்!” என்றான். அவர் ‘ம்’ என்று மட்டும் சொன்னார். கண்டக்டர் குழம்பிப் போய் முன்பக்கம் நகர்ந்துவிட்டான்.

பிரேம் கடை ஒரு பத்தடி அகலம் இருக்கும். சுவர் முழுக்க மரச்சட்ட மூலைகள் மாதிரிக்குத் தொங்கும். நடுவில் பெரிய மேசை. அதன்மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன்மேல் கண்ணாடியைப் போட்டிருந்தாள். வெட்டும் கருவியின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலோடு ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள். கீச்சென்ற சத்தம் சீராக வந்தது. மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். கண்ணாடி கோடு பிசகாமல் இரண்டானது. அந்த வலது கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்க பாரு…” என்று ஆரம்பித்தார்.

“வெளிச்சத்தை மறைக்கிறீங்க. தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். பத்து நிமிடம் கழித்து, “சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மத்தியானம் முழுக்க இப்படியே போனது. நாலு பிரேம் முடிந்தது, அவர் வாயிலிருந்து சொல்ல வேண்டிய நாலு வார்த்தை வரவில்லை.

நாலேகாலுக்கு மகள் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, கையில் திருத்தாத நோட்டுக் கட்டோடு. “டாக்டர் என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே பைலை எடுத்தாள். அவள் டீச்சர் அல்லவா, ஒரு வரி விடாமல் படிப்பாள். படித்தாள். முகம் மாறியது.

“அம்மா! இது என்ன? ஊசி வேணாம்னு நீயா எழுதிக் குடுத்த?”

மனைவி பிரேமின் பின்பக்கத்துக்கு அட்டையை அளந்துகொண்டிருந்தாள்.

“உன்னைத்தான்மா கேக்கறேன். ஒரு ஊசிக்குப் பயந்துட்டியா? ஆறு தடவை மருந்து ஏத்திக்கிட்டவளுக்கு ஒரு ஊசி பெரிய விஷயமா? இப்போ பாரு, இருக்கா இல்லையான்னு டாக்டருக்கே தெரியல. எங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியா?”

“விடுடி.”

“எப்படிம்மா விடறது? எல்லாத்துலயும் உனக்கு ஒரு பிடிவாதம். பாவம் அப்பா! இதுக்கு உன்கிட்ட எவ்வளவு கெஞ்சியிருப்பார்! நாய் மாதிரி அலைஞ்சாரே மனுஷன், அவருக்காகவாவது…”

மகளின் குரல் உடைந்தது. மனைவி ஸ்கேலை அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

‘பாவம் அப்பா’ என்ற வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

“அவ சொல்லல” என்றார். “நான் சொன்னேன்.”

மகள் திரும்பினாள். “என்னப்பா?”

“வேணாம்னு அவ சொல்லவே இல்ல. நர்ஸ் போன் பண்ணினப்போ நானே அவ சொன்னதா சொல்லிட்டேன். அந்தப் பேப்பர்லயும் என்ன ஏதுன்னு சொல்லாம நான்தான் கையெழுத்து வாங்கினேன். உங்கம்மாவுக்கு இன்னிக்குக் காலைல வரைக்கும் எதுவுமே தெரியாது.”

மகள் கையிலிருந்த பைலை மேசை மேல் வைத்தாள்.

“எதுக்குப்பா?”

“பதினாறு நாள் தள்ளிப்போகும்னாங்க.”

“பொறுக்கலாம்னு டாக்டர் சொல்லலையா?”

“சொன்னார். எனக்குத்தான் பொறுக்க முடியல.”

மகள் மடியில் நோட்டுக் கட்டை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். “அப்புறம் நான் கத்தினப்போ நீ ஏம்மா சும்மா இருந்த?”

“உங்கப்பா வாயால வரட்டும்னு இருந்தேன்.” மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள். முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். “அந்தப் பேப்பரைப் பார்த்த உடனேயே எனக்குப் புரிஞ்சுது. படிக்காம போட்டது என் தப்பு, அதை நான் யார் மேலயும் போடல. நீங்க விரலை வெச்சா சரியா இருக்கும்னு முப்பது வருஷமா போட்டுப் பழக்கம். ஆனா டாக்டர் கேட்டாங்களே, அப்பவாவது ஏன் வாயைத் திறக்கல?”

“பயமா இருந்தது.”

“யாருக்குப் பயந்தீங்க? டாக்டருக்கா?”

“உனக்குத்தான்.”

“எனக்கா! நான் என்னிக்கு உங்களைக் கடிச்சுக் குதறினேன்?”

அவர் அழுதுவிட்டார். கூச்சமே இல்லாமல், மகள் முன்னால், கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆள் நடமாடுகிற நேரத்தில் அழுதார். “உன்னைச் சீக்கிரம் காப்பாத்தணும்னுதான் பண்ணேன். இப்படி ஆகும்னு நினைக்கல. என்னை மன்னிச்சிடு” என்றார்.

“மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்ப்போம். எனக்கும் நேரம் வேணும்.” குரலில் கோபம் கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நாளைக்குப் பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். முதல்ல அதைப் பார்க்கணும்.”

டைம் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். இதோ பாருங்கள், வாசகர்களே, இந்த இடத்தில் அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

“மொத்தத்தையும் எடுத்துடச் சொல்லிடலாம்” என்றார். “சந்தேகமே வேணாம். கடைய வேணும்னா மூடிடுவோம், கண்ணாடி வெட்டினது போதும். நான் இப்பவே நர்ஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

போனைக் கூடக் கையில் எடுத்துவிட்டார்.

“அப்பா!” என்றாள் மகள்.

அப்போதுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. போனைக் கீழே வைத்தார். மனைவி, வெட்டிய கண்ணாடித் துண்டுகளைத் துணியால் ஒதுக்கினாள், படிவத்தை எடுத்துக்கொண்டாள், சட்டங்கள் அடுக்கி வைத்திருக்கும் பின்பக்கத் தடுப்புக்குள் போனாள்.

அவள் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. “டாக்டர், நான்தான்… ஆமா, காலைல வந்தவ… ரெண்டு சந்தேகம் கேக்கணும்.” அதற்கு மேல் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தார். மகள் தடுத்துத் தலையை ஆட்டினாள். அவர் நின்றுவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். படிவம் ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தது. உறையை மகளிடம் நீட்டினாள்.

“நாளைக்கு லீவு போட்டுட்டு நீ என்கூட வா.”

மகள் உறையைத் திறந்து ஒரு நொடி பார்த்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “யோசிச்சுத்தான் போட்டியாம்மா?”

“படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன்.”

மகள் எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உறை அவள் கைப்பைக்குள் போனது.

“நானும் வரேன்” என்றார் அவர்.

“உங்களுக்கு டூட்டி இருக்கு.”

“லீவு சொல்லிடறேன்.”

“வேணாங்க.”

இந்த ‘வேணாம்’ அவளே சொன்னது.

“எதுல குறி போட்டிருக்க? அதையாவது சொல்லும்மா.” அவர் குரல் கெஞ்சியது. “எவ்வளவு எடுக்கப் போறாங்க? உன் கை என்னாகும்? எனக்குத் தெரிய வேணாமா?”

மனைவி அடுத்த கண்ணாடியை மேசை மேல் தூக்கிவைத்தாள். இரண்டு கையாலும் அதை விளிம்போடு நேராக்கினாள்.

“ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் வெளிய வந்து சொல்வாங்க. அதுவரைக்கும் உக்காந்திருங்க.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவளுக்கு வெளிச்சம் மறையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.